துணையின் கண்ணில் சந்தனம்

விமானத்துக்குப் பொட்டு வைக்கக் கூடாது என்று எந்தக் கையேட்டிலும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தாலும் கேப்டன் நெல்லையப்பன் வைத்திருப்பார். ஆயுத பூஜையன்று கத்தரிக்கோலுக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் கிடைக்கிற மரியாதை, நாற்பது பேரைச் சுமந்துகொண்டு தூத்துக்குடி வரை பறக்கிற ஒன்றுக்குக் கிடைக்காமல் போகலாமா?

சென்னையில் புறப்படும் முன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கலாமா என்று கேட்டுப் பார்த்தார். தரைப் பணியாளர்கள் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டார்கள். சரி, நம் அறைக்குள் நம்மை யார் கேட்பது என்று விமானி அறைக்குள் வந்து, மனைவி மங்கை சின்ன டப்பாவில் கெட்டியாகக் குழைத்துக் கொடுத்திருந்த சந்தனத்தைத் திறந்தார். கைப்பிடிக்கு ஒன்று. இன்ஜின் நெம்புகோல்களுக்கு ஆளுக்கொன்று. கதவுக்கு ஒன்று. மிச்சம் இருந்தது துணை.

துணை என்பது விமானத்தை ஓட்டுகிற இயந்திரம். பழைய காலத்துத் தானியங்கிக்கு உயரமும் திசையும் சொல்லிக் கொடுத்தால் பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். துணை அப்படி இல்லை. புறப்படும், பறக்கும், இறங்கும், வானிலையைப் படிக்கும், பயணிகளுக்கு வணக்கமும் சொல்லும். சட்டப்படி ஒரு மனிதர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காருவதில் நெல்லையப்பனுக்கு நல்ல அனுபவம்.

கண்ணாடிக்கு மேலே மிளகு அளவில் ஒரு கறுப்புக் குமிழ். துணையின் கண். விமானி விழித்திருக்கிறாரா, நினைவோடு இருக்கிறாரா என்று அவருடைய விழிகளைப் பார்த்தபடியே இருக்கும். கண் என்று ஒன்று இருந்தால் அதற்கு மேல் நெற்றி என்று ஒன்று இருக்கத்தானே வேண்டும்? நெல்லையப்பன் உத்தேசமாக ஒரு நெற்றியைக் கண்டுபிடித்து, அங்கே தாராளமாகச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தார்.

"எப்படிப்பா இருக்கு?" என்றார்.

"என் பார்வை எல்லைக்கு வெளியே உள்ளதைப் பற்றி நான் கருத்துக் கூற இயலாது, கேப்டன்," என்றது துணை. வானொலியில் செய்தி வாசிக்கிறவர் போன்ற தமிழ் அதற்கு.

திருச்சியைத் தாண்டி விமானம் தெற்கே போய்க்கொண்டிருந்தபோது நெல்லையப்பன் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே, ஒரு மாதமாக எல்லோரிடமும் கேட்டு வந்த கேள்வியைத் துணையிடமும் கேட்டார். வயது அறுபது. விரும்பினால் இன்னும் சில வருடம் வேலையை நீட்டிக்கலாம், இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம். இந்த வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

நிர்வாகத்தில் கேட்டபோது, "உங்கள் அனுபவம் எங்களுக்குப் பொக்கிஷம்" என்றார்கள். பொக்கிஷத்தைப் பூட்டித்தான் வைப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். டாக்டர், "வயசுக்கு நல்லாத்தான் இருக்கீங்க" என்றார். அந்த 'வயசுக்கு' என்பதில் ஒரு பள்ளம் இருந்தது. மங்கையோ, கேட்ட ஒவ்வொரு தடவையும், "உங்க இஷ்டம்" என்றாள். அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு எந்தப் புருஷனும் இதுவரை ஒரு முடிவுக்கு வந்ததாக வரலாறு இல்லை.

"நீயே சொல்லு தம்பி. நான் இருக்கவா, போகவா? உனக்கு நான் தேவையா?"

"அது தங்கள் தனிப்பட்ட முடிவு, கேப்டன்."

"நீயும் எங்க வீட்டம்மா கட்சிதானா?"

சற்று நேரம் கழித்து, "கேப்டன், தங்கள் கண்களைக் காண முடியவில்லை," என்றது துணை.

"இங்கனதானப்பா இருக்கு, ரெண்டும்."

"தயவுசெய்து என்னைப் பாருங்கள்."

நிமிர்ந்து பார்த்தார். நெற்றியில் இருந்த சந்தனம் விமானத்தின் அதிர்வில் மெல்ல இறங்கி வந்து, கண்ணிமை மாதிரி குமிழை முக்கால்வாசி மூடியிருந்தது. 'ஐயையோ' என்று கட்டைவிரலால் துடைத்தார். குங்குமமும் சேர்ந்து இழுபட்டது. சட்டைக் கையால் துடைத்தார். சட்டை சிவந்தது, குமிழ் தெளியவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொஞ்சம் தெளித்தார். அது மஞ்சளும் சிவப்புமாகக் கரைந்து அவருடைய நெற்றியிலும் மூக்கிலும் சொட்டியது. அதையும் துடைத்துக்கொண்டார், அதே கையால்.

"விமானியின் முகத்தில் சிவப்பு நிறத் திரவம் காணப்படுகிறது," என்றது துணை. "விழிகள் தென்படவில்லை. விமானி செயலிழந்ததாக அறிவிக்கிறேன்."

"ஏலேய்!"

"கவலைப்படாதீர்கள், கேப்டன். உதவி வந்துகொண்டிருக்கிறது."

கைப்பிடி அவர் கையில் கட்டை மாதிரி இறுகியது. விமானம் மெதுவாக வலப்பக்கம் சாய்ந்து திரும்பியது. தானியங்கியைத் துண்டிக்கிற சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

"தங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது. நன்றி."

"நான் நல்லாத்தான் இருக்கேன். ஒண்ணுமில்ல. பொட்டு வழிஞ்சிட்டு, அவ்வளவுதான்!"

"தங்கள் குரல் தெளிவாக உள்ளது. மகிழ்ச்சி. ஆனால் விமானி தன் உடல்நிலை பற்றித் தானே சொல்லும் சாட்சி செல்லாது. விதி அப்படி."

விதி அப்படித்தான். அதை எழுத வைத்த குழுவில் ஒருவர் பெயர் நெல்லையப்பன்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. தேவசகாயம் என்று அவருக்கு ஒரு சீனியர். இரண்டு பேரும் ஒன்றாகப் பறந்த ஒரு நாளில், தேவசகாயம் நெஞ்சைத் தடவிக்கொண்டே, "ஒண்ணுமில்லப்பா, வாயு," என்று மூன்று முறை சொன்னார். நான்காவது முறை சொல்ல அவர் இல்லை. அன்றைக்கு அந்த விமானத்தைத் தனியாக இறக்கியவர் நெல்லையப்பன். அதனால்தான், துணையை வடிவமைத்தபோது நடந்த கூட்டத்தில் மேசையைத் தட்டி, "விமானி 'ஒண்ணுமில்ல'ன்னு சொன்னா அந்த மிஷின் நம்பவே கூடாது. எங்க ஆளுங்க சாகுறப்பகூட அதைத்தான் சொல்லுவாங்க," என்று பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். அப்போது யாராவது ஒருவர் எழுந்து, 'பொட்டு வைத்தால் என்ன செய்வது?' என்று கேட்டிருக்கலாம்.

வருடா வருடம் கருவூலத்துக்குப் போய் 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று நிரூபித்துவிட்டு வரும் ஓய்வூதியக்காரர்களை நெல்லையப்பன் கேலி செய்ததுண்டு. அந்தக் கேலி எல்லாம் இப்போது வட்டியோடு திரும்பி வந்திருந்தது.

ரேடியோவில் கம்பெனிக் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டார்.

"சார், கேப்டன் செயலிழந்துட்டதா ஸ்கிரீன்ல காட்டுது," என்றது ஒரு பெண் குரல். "நீங்க யார் பேசுறது?"

"அந்தச் செயலிழந்தவன்தாம்மா பேசுதேன். என்னை விடுவி."

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க சொன்னா நான் செய்யக் கூடாது. மேலதிகாரி சொல்லணும். அவர் கீழ பூஜைல இருக்கார். கூட்டிட்டு வரேன், லைன்லயே இருங்க."

தொலைவில் தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டது.

அப்போதுதான் திரையைப் பார்த்தார். விமானம் மதுரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மதுரைக்கும் அவர்களுக்கும் நடுவில், ஐப்பசி மழைக்கு முன்பணம் கொடுத்த மாதிரி ஒரு பெரிய இடிமேகம். திரையில் அது கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. அந்த நிறத்தைக் கண்டால் எந்த விமானியும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான்.

"தம்பி, அந்த மேகத்துக்குள்ளயா போற?"

"ஆம். மதுரையில் இதய சிகிச்சை மருத்துவமனை ஓடுபாதைக்கு அருகில் உள்ளது. சுற்றிச் சென்றால் தாமதமாகும்."

"நீ எப்பவும் இதுக்குள்ள போக மாட்டியே!"

"சாதாரண நாளில் போக மாட்டேன். இன்று ஓர் உயிர் ஆபத்தில் உள்ளது."

"யாரு உயிரு?"

"தங்கள் உயிர், கேப்டன்."

நெல்லையப்பனுக்குக் கோபம் வரவேண்டிய இடம். வந்தது. ஆனால் அதற்கு முன்னால் வேறு ஒரு நினைப்பு வந்துவிட்டது. அறுபது வருடத்தில் அவருக்காக யாரும் இவ்வளவு அவசரமாக எங்கேயும் கிளம்பியதில்லை. அவர் கல்யாணத்துக்கே மாப்பிள்ளை வண்டி தாமதம்.

"தம்பி, எனக்காக நாப்பது பேரை இதுக்குள்ள கொண்டுபோவாதப்பா."

"ஆபத்து கூடும். ஆனால் உயிர்காக்கும் நிலையில் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளது. 'நேரம்தான் உயிர்' என்பது குழுவின் பரிந்துரை."

அந்த வாசகத்தைக் குழுவில் சொன்னவரும் நெல்லையப்பன்தான். சொன்னபோது நன்றாகத்தான் இருந்தது.

"வேற யார் சொன்னா நம்புவ?"

"விமானத்தில் அதிகாரம் பெற்ற இன்னொருவர் தங்களை நேரில் பரிசோதித்து, தங்களால் ஓட்ட முடியும் என்று சொல்ல வேண்டும். தலைமைப் பணிப்பெண்ணை அழைத்துவிட்டேன்."

கதவு திறந்தது. ஜெசிந்தா பர்னாந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். தூத்துக்குடிக்காரி. கலங்குகிற ஆள் இல்லை. பார்த்த மாத்திரத்தில், "ஏசுவே, ரத்தம்!" என்று அலறி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"குங்குமம்மா! குங்குமம்!"

அவள் கிட்டே வந்து, ஒரு விரலால் அவர் நெற்றியைத் தொட்டு முகர்ந்து பார்த்தாள். "ஆமா, சந்தன வாசம் அடிக்கி. என்ன கேப்டன், இப்படிப் பண்ணிட்டீய? கேப்டனுக்கு உடம்பு சரியில்லன்னு இது மைக்குல சொல்லிட்டு. உள்ள ஒரே கூப்பாடு. டாக்டர் யாராச்சும் இருக்கீயளான்னு கேட்டேன். ஒருத்தர் கை தூக்கினாரு. மாட்டு டாக்டராம்."

"பரவால்ல, தேவைப்பட்டா கூப்பிடு. இப்ப நீ இது கேக்கறதுக்குப் பதில் சொல்லு."

"ஜெசிந்தா பர்னாந்து," என்றது துணை, "விமானி இந்த விமானத்தை இயக்கத் தகுதியான நிலையில் உள்ளாரா? ஆம், அல்லது இல்லை."

"இருக்காருன்னுதான் நெனைக்கேன்."

"அந்த விடை ஏற்கப்படாது."

ஜெசிந்தா கண்ணாடி வழியாக முன்னால் பார்த்தாள். மேகம் இப்போது திரையில் மட்டும் இல்லை. வானத்தில் கரிய சுவராக எழும்பி நின்றது. உள்ளே எங்கேயோ ஒரு மின்னல் எரிந்து அணைந்தது. விமானம் ஒரு முறை குலுங்கியது.

"சட்டுன்னு ஆமான்னு சொல்லும்மா!"

"சட்டுன்னு சொல்ல மாட்டேன்," என்றாள் அவள். குரல் மாறியிருந்தது. "நான் ஆமான்னு சொல்லி, அதுக்கப்புறம் நீங்க பொத்துன்னு சாஞ்சிட்டா? உள்ள கைப்பிள்ளையோட ஒரு அம்மா உக்காந்திருக்கா. அவளுக்கு நான் என்ன பதில் சொல்ல? ரெண்டு கையையும் தூக்குங்க."

தூக்கினார்.

"சிரிங்க."

"இந்த நேரத்துலயா?"

"வாய் கோணுதான்னு பாக்கணும். சிரிங்க கேப்டன்."

சிரித்தார்.

"கோணுது."

"அது பொறவி!"

"ஆமா, அடையாள அட்டைலயும் அப்படித்தான் இருக்கு." அவள் அவர் கையைப் பிடித்துப் பார்த்தாள். "கை நடுங்குதே?"

நெல்லையப்பனுக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது: ஒண்ணுமில்ல. நாற்பது வருடப் பழக்கம். அந்தச் சொல் தானாகவே வாயைத் திறந்துகொண்டு வெளியே வரப் பார்த்தது. தேவசகாயத்தின் கை நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது.

"பயமா இருக்கும்மா," என்றார். "நெஞ்சு வலி இல்ல, தலைச்சுத்தல் இல்ல. ஆனா பயமா இருக்கு. நானே கையில புடிச்சு ஓட்டி ரொம்ப நாளாச்சு. இந்த மேகத்தப் பாத்தா ஒரு பயம், உங்க எல்லாரையும் நெனைச்சா இன்னொரு பயம். அதான் நடுங்குது."

ஜெசிந்தா அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லன்னு சொல்லிருந்தீயன்னா, இல்லன்னுதான் சொல்லிருப்பேன்," என்றாள். பிறகு குமிழைப் பார்த்துத் திரும்பி, கோயிலில் சத்தியம் பண்ணுகிற மாதிரி நிமிர்ந்து நின்று, "ஆம்," என்றாள்.

"நன்றி. கட்டுப்பாடு தங்களிடம், கேப்டன்," என்றது துணை.

கைப்பிடி இளகியது. நாற்பது பேரின் கனமும் ஒரேயடியாகக் கைக்குள் வந்து இறங்கியது. நெல்லையப்பன் இடப்பக்கம் சாய்த்தார். விமானம் கொஞ்சம் முரண்டு பிடித்து, பிறகு நல்ல மாடு மாதிரி திரும்பியது. கரிய சுவர் கண்ணாடியின் ஓரமாக நகர்ந்து நகர்ந்து, வலப்பக்கத்து ஜன்னலுக்குப் போய், பின்னால் மறைந்தது. ஜெசிந்தா கதவைப் பிடித்தபடி மூச்சை விட்டாள்.

"உள்ள போய் என்ன சொல்ல?"

"கேப்டன் பொழைச்சுட்டாருன்னு சொல்லு. மாட்டு டாக்டருக்கு ஒரு நன்றி சொல்லிரு."

அப்போது ரேடியோவில் ஓர் ஆண் குரல் வந்தது. "வணக்கம் சார், பூஜைல இருந்தேன். என்ன பிரச்சனை?"

"முடிஞ்சுபோச்சு சார். நீங்க பொரி சாப்பிடுங்க," என்றார் நெல்லையப்பன்.

ராமநாதபுரத்துக் கரையோடு கரையாகத் தெற்கே போனார். இடப்பக்கம் கடல், அதன் மேல் வெயில். கைப்பிடியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, காற்று தள்ளுகிற இடத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, விடுகிற இடத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு ஓட்டினார். எவ்வளவு காலம் ஆயிற்று இப்படி! அவருக்கே தெரியாமல் வாய் ஏதோ ஒரு பாட்டை முனகியது. தூத்துக்குடி நெருங்கியதும் உப்பளங்கள் வெள்ளை வெள்ளையாகக் கட்டம் போட்டுக்கொண்டு தெரிந்தன.

இறக்கம் பிரமாதம் என்று சொல்ல முடியாது. சக்கரம் தரையைத் தொட்டு, பிடிக்காத மாதிரி ஒரு துள்ளு துள்ளி, பிறகு சமாதானமாகி உட்கார்ந்தது. உள்ளே கைதட்டினார்கள். பிழைத்து வந்த ஆளிடம் இதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது என்று நினைத்திருப்பார்கள்.

"ஏற்கத்தக்க தரையிறக்கம்," என்றது துணை.

இன்ஜின்களை நிறுத்திவிட்டு, பயணிகள் இறங்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஈரக் கைக்குட்டையால் குமிழைப் பொறுமையாகத் துடைத்தார். கறுப்பாக, பளிச்சென்று வந்தது.

"இப்பத் தெரியுதா?"

"தெரிகிறது, கேப்டன். தங்கள் கண்கள் சிவந்துள்ளன."

"அதுவும் குங்குமம்தான்," என்றார் நெல்லையப்பன். துணை அதை நம்பியதா என்று தெரியவில்லை. "ஒண்ணு கேக்கேன். நான் நல்லாத்தான் இருக்கேன்னு மொதல்லயே சொன்னேன்லா. என் குரலக் கேட்டும் உனக்கு ஒண்ணும் தோணலியா?"

"தங்கள் குரலில் பிழை இல்லை. தாங்கள் நலமாக இருக்கத் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் வாய்ப்பு என்று கணித்திருந்தேன்."

"பிறகு என்னத்துக்குப்பா மேகத்துக்குள்ள ஓடுன?"

"மிச்ச விழுக்காட்டில் தாங்கள் இறந்துபோகும் சாத்தியம் இருந்தது. தங்களை நம்பக் கூடாது என்று எனக்குச் சொல்லித் தந்தது தாங்கள்."

நெல்லையப்பன் சிரித்தார். கோணல் சிரிப்பு, கண் தெரிகிற துணை அதைப் பார்த்திருக்கும். "சரி. கூட்டிக் கழிச்சுப் பாரு. பொட்டு வச்சு வம்ப இழுத்துவிட்டதும் நான், திருப்பிக் கொண்டாந்ததும் நான். நான் இருந்தது நல்லதா கெட்டதா?"

"அது—"

"தனிப்பட்ட முடிவு. சரி, விடு."

"இன்னொரு தகவல், கேப்டன். செயலிழப்பை அறிவித்தபோது, விதிப்படி தங்கள் மனைவிக்குச் செய்தி அனுப்பினேன். தாங்கள் மீண்ட பிறகு மறுசெய்தியும் அனுப்பினேன். முதல் செய்தி மட்டுமே படிக்கப்பட்டுள்ளது."

சுண்டல் டப்பா கீழே விழுந்தது. போனை எடுத்துப் பாளையங்கோட்டையில் இருக்கும் தன் வீட்டுக்குப் போட்டார். முகத்தைக் காட்டினால்தான் நம்புவாள் என்று வீடியோவில் போட்டார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். ஆனால் திரையில் மங்கை இல்லை. மஞ்சளாக ஒரு மூட்டம், நடுவில் சிவப்பாக ஒரு கலங்கல்.

"மங்கை? உன் முகம் தெரியலியே!"

"போனையும் பூஜைல வச்சிருந்தேன். அதுக்கும் பொட்டு வச்சேன்." மூட்டத்துக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "சாயங்காலம் வரைக்கும் எடுக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். கூவிக்கிட்டே கெடந்துது. சரஸ்வதி கோவிச்சாலும் கோவிக்கட்டும்னு எடுத்தா, கணவர் செயலிழந்தார்னு இருக்கு. கவலைப்பட வேண்டாமாம். அதுக்கப்புறம் கூவுனத நான் எடுக்கல. அடுத்தது என்னவா இருக்கும்னு... எடுக்கப் பயந்துட்டேன். உங்களுக்கு என்ன?"

"ஒண்ணு..." என்று ஆரம்பித்த நெல்லையப்பன் நிறுத்திக்கொண்டார். "ஒடம்புக்கு ஒண்ணும் ஆகல. ஆனா பயந்துட்டேன் மங்கை. நெசமாவே பயந்துட்டேன்."

நடந்ததைச் சொன்னார். பொட்டையும், மேகத்தையும், ஜெசிந்தாவையும், மாட்டு டாக்டரையும். மாட்டு டாக்டருக்காவது சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். சிரிக்கவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. முகம் தெரியாமல் வெறும் குரலை வைத்துக்கொண்டு ஒருவர் நிலைமையைக் கணிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு அப்போது புரிந்தது. துணையின் மேல் இருந்த மிச்சசொச்சக் கோபமும் போய்விட்டது.

"அந்த வேலை விஷயம்," என்றார். "இந்த வாரம் சொல்லணும்லா."

"உங்க இ—"

"என் இஷ்டம் இல்ல. அத நான் ஒரு மாசமா எல்லார்ட்டயும் கேட்டாச்சு. உன் இஷ்டம் என்னன்னு சொல்லு."

பாளையங்கோட்டையில் ஏதோ ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தது. பிறகு திரையில் ஒரு விரல் வந்து, மெல்ல, சந்தனத்தை வழித்து எடுத்தது. மங்கையின் முகம் தெரிந்தது. கண் இரண்டும் சிவந்திருந்தன.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து இத நீங்க கேட்டதே இல்ல," என்றாள்.

"இப்பக் கேக்கேன்லா."

"விட்டுருங்க," என்றாள் மங்கை. "அந்த மிஷினுக்கு நீங்க வேணுமோ வேண்டாமோ, எனக்குத் தெரியாது. எனக்கு வேணும். விட்டுட்டு வீட்டுக்கு வாங்க."